வாசலில் வைத்த கூடை: டெங்குவும் டி செல்களும்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் காரைக்காலில் காய்ச்சல் பேச்சும் கூடவே தொடங்கிவிடும். அரசலாற்று முகத்துவாரத்து மீன்பிடித் துறைமுகமாகட்டும், திருநள்ளாற்றுக் கடைத்தெருவாகட்டும், நிரவியிலோ கோட்டுச்சேரியிலோ உள்ள டீக்கடையாகட்டும், "பிளேட்லெட் எவ்வளவு இருக்காம்?" என்ற விசாரிப்பு காதில் விழும். மழைநீர் தேங்கிய பழைய டயர், தூக்கிப்போட்ட கொட்டாங்குச்சி, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் பெருகும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். கடித்த சில நாட்களில் உடம்பு அனலாய்க் கொதிக்கும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், மூட்டெல்லாம் நொறுங்கும்.

இந்த விசாரிப்புகளுக்கு நடுவே இரண்டு கேள்விகள் ஆண்டுதோறும் எழுகின்றன. முதல் கேள்வி: "தட்டம்மை ஒருதரம் வந்தா ஆயுசுக்கும் வராதுங்கிறாங்க. டெங்கு மட்டும் ரெண்டாந்தரம் வந்து, முன்னைவிட மோசமா படுத்துதே, ஏன்?" இரண்டாவது, ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுவது: "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, டாக்டர் ஏன் இன்னும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறார்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். அறிவியலாளர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். விடையின் ஒரு பாதி நமக்குப் பழக்கமான ஆன்டிபாடியில் இருக்கிறது. பேசப்படாத மறுபாதி, டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் இருக்கிறது. அந்த மறுபாதியைப் புரிந்துகொண்டால்தான் டெங்குவையும் புரிந்துகொள்ள முடியும். டெங்குவுக்கு நல்ல தடுப்பூசி ஏன் இத்தனை ஆண்டுகளாகக் கைகூடவில்லை என்பதும் விளங்கும்.

ஆன்டிபாடியின் எல்லை

டெங்கு ஒரே வைரஸ் அன்று. நெருங்கிய உறவுள்ள நான்கு வகைகள். ஒரு வகை வந்து போனால் அதே வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும்.

ஆன்டிபாடி என்பது ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம். வைரஸின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு, அது நம் செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பது இதன் வேலை. முதல் டெங்குவில் உருவான ஆன்டிபாடிக்கு, அடுத்து வரும் வேறு வகை வைரஸ் பாதி தெரிந்த முகம். அது போய் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் வைரஸை முடக்கும் அளவுக்கு இறுக்கமாக ஒட்டாது. ஆன்டிபாடி ஒட்டிய பொருளை விழுங்குவதற்கென்றே நம் உடலில் சில வெள்ளையணுக்கள் உள்ளன. டெங்கு வைரஸ் பெருகுவதும் அதே வெள்ளையணுக்களுக்குள்தான். ஆக, அரைகுறை ஆன்டிபாடி வைரஸைத் தடுப்பதற்குப் பதில் அது விரும்பிய இடத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. இதை 'ஆன்டிபாடியால் கூடும் தொற்று' எனலாம். 1960களில் பாங்காக்கில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இந்தக் கருத்தை முன்வைத்தார். கியூபா அதற்குப் பெரிய சான்றாக அமைந்தது. அங்கே 1977இல் முதல் வகை டெங்கு பரவியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,203 பேர் பாதிக்கப்பட்டு 158 பேர் இறந்தார்கள். அவர்களில் 101 பேர் குழந்தைகள். கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே முதல் வகையைக் கண்டவர்கள்.

இதைவிட நுட்பமான சான்று கைக்குழந்தைகளிடம் கிடைத்தது. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள சில குழந்தைகளுக்கு வாழ்வின் முதல் டெங்குவே மிகக் கடுமையாக வருகிறது. தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தால் அவருடைய ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேர்கிறது. முதலில் அது காக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல அளவு குறைந்து, அரைகுறையாகி, கெடுக்கிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய் தன் ஆன்டிபாடியைத் தருகிறாள்; டெங்குவை நினைவில் வைத்திருக்கும் டி செல்களை அப்படித் தருவதில்லை. ஒரு பாதி மட்டும் வந்து மறுபாதி வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே செய்து காட்டிய சோதனை இது.

வீட்டுக்குள் புகுந்த பிறகு

வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் அதைத் தொட முடியாது. ஆன்டிபாடி செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போவதில்லை. உள்ளே வைரஸோ, நம் செல்லின் இயந்திரங்களைக் கொண்டே ஆயிரக்கணக்கில் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. எந்தச் செல்லுக்குள் வைரஸ் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

காரைக்கால் தெருக்களில் காலையில் வரும் குப்பை வண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டியோடு வருபவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. ஆனாலும் எந்த வீட்டில் நேற்று என்ன சமையல் என்று அவருக்குத் தெரியும். வாசலில் வைத்த கூடையே சொல்லிவிடும்: இங்கே மத்தி மீன் செதில், அங்கே நண்டு ஓடு, அடுத்த வீட்டில் முருங்கைக்காய்ச் சக்கை. நம் உடலில் கருவுள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களும் இப்படி ஒரு கூடையை வாசலில் வைத்தபடி இருக்கின்றன. உள்ளே உருவாகும் புரதங்களில் ஒரு பகுதி அவ்வப்போது நறுக்கப்படுகிறது. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள அந்தத் துணுக்குகள் எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏற்றப்பட்டுச் செல்லின் வெளிப்பரப்புக்கு வந்துசேர்கின்றன. எச்.எல்.ஏ.தான் கூடை, புரதத் துணுக்குதான் சமையல் மிச்சம். செல் நலமாக இருந்தால் கூடையில் நம்முடைய சொந்தப் புரதத் துணுக்குகள் மட்டும் கிடக்கும். உள்ளே வைரஸ் சமைத்துக்கொண்டிருந்தால் அதன் புரதத் துணுக்கும் கூடைக்கு வந்துவிடும்.

அந்தக் கூடைகளைப் பார்த்துக்கொண்டே திரிபவைதான் டி செல்கள். ஒவ்வொரு டி செல்லுக்கும் குறிப்பிட்ட வடிவத் துணுக்கை மட்டுமே அடையாளம் தெரியும். ஒன்றுக்கு இறால் ஓடு தெரியும், மீன் செதில் தெரியாது. அப்படிக் கோடிக்கணக்கான வகைகள் நம் உடலில் சுற்றுகின்றன. வைரஸ் துணுக்கைக் கண்ட கொல்லும் டி செல் அந்தச் செல்லோடு ஒட்டி நின்று, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளையிடுகிறது. கிரான்சைம் என்ற நொதிகளை உள்ளே செலுத்துகிறது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. புது வைரஸ்கள் வெளிவருவதற்கு முன்பே அந்த அடுப்பு அணைகிறது.

இது எப்படித் தெரிந்தது?

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு உறுப்பு இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்கிப்போகும் இதற்கு வேலையே இல்லை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளிடமிருந்து தைமஸை அகற்றிப் பார்த்தார். அந்தக் குட்டிகள் தொற்றுகளுக்கு எளிதில் இரையாயின. வேறொரு எலியின் தோலை ஒட்டினால் வழக்கமாக உதிர்ந்துவிடும். இவற்றின் உடல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்நியத்தை அடையாளம் காணும் ஒரு வகை வெள்ளையணு தைமஸில்தான் பயிற்சி பெறுகிறது என்று புரிந்தது. தைமஸின் முதலெழுத்தே டி செல்லின் பெயரானது. அங்கே நடக்கும் தேர்வு மிகக் கடுமையானது. நம் கூடையைப் படிக்கத் தெரியாதவையும், நம் சொந்தத் துணுக்கையே பகையாக எண்ணுபவையும் அங்கேயே மடிகின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை.

அடுத்த அடி, 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோல்ஃப் சிங்கர்நாகலும் ஆஸ்திரேலியரான பீட்டர் டோஹர்ட்டியும் ஒரே ஆய்வகத்தில் பணிபுரிந்தார்கள். மூளையுறையைத் தாக்கும் ஒரு வைரஸைச் சுண்டெலிக்குச் செலுத்தி, அதன் டி செல்களை எடுத்து, அதே வைரஸ் தொற்றிய செல்களோடு கண்ணாடித் தட்டில் கலந்தார்கள். அதே இனத்து எலியின் செல்கள் மடிந்தன. வேறு இனத்து எலியின் செல்களை, அதே வைரஸ் உள்ளே இருந்தும், டி செல்கள் தொடவில்லை. டி செல் வைரஸை மட்டும் பார்க்கவில்லை. தனக்குப் பழகிய கூடையில் வைத்த வைரஸைத்தான் பார்க்கிறது என்பது இதன் பொருள். 1974இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

கூடையை நேரில் பார்த்தது 1987இல். ஹார்வர்டில் பமீலா பியோர்க்மனும் அவருடைய ஆசிரியர்களும் மனித எச்.எல்.ஏ. மூலக்கூறு ஒன்றைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் அதன் வடிவத்தைக் கண்டார்கள். மூலக்கூறின் உச்சியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் காலியாக இல்லை. ஏதோ ஒரு பொருள் அதில் கிடந்தது. அதுவே புரதத் துணுக்கு. கான்பெராவில் ஊகித்த கூடையும் அதில் கிடந்த மிச்சமும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரிந்தன.

ஒரே வேலை அன்று, பல வேலை

டி செல்கள் எல்லாம் கொல்பவை அல்ல. பிரிவுகள் பல.

கொல்லும் டி செல்லின் பரப்பில் சி.டி.8 என்ற அடையாளம் இருக்கும். சி.டி.4 அடையாளம் கொண்டவை உதவி டி செல்கள். தேர்ந்த ஆன்டிபாடி உருவாவதற்கும் கொல்லும் செல்கள் நன்றாகப் பெருகுவதற்கும் இவற்றின் தூண்டுதல் தேவை. எச்.ஐ.வி. அழிப்பது இவற்றைத்தான், இவை போனால் மொத்த எதிர்ப்பாற்றலும் சரிகிறது என்பதை எய்ட்ஸ் நமக்குக் கொடூரமாகக் கற்பித்தது. கட்டுப்படுத்தும் டி செல்கள் மூன்றாவது பிரிவு. எதிர்வினை எல்லை மீறி நம் உடலையே சேதப்படுத்தாமல் இவை அடக்கி வைக்கின்றன.

புதிய வைரஸ் ஒன்று வரும்போது, அதன் துணுக்கை அறியக்கூடிய டி செல் லட்சத்தில் ஒன்றோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். நிணநீர் முடிச்சில் அது தனக்குரிய துணுக்கைச் சந்தித்ததும் வேகமாகப் பிரிந்து பெருகத் தொடங்குகிறது. படை திரள ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். முதல் தொற்றில் நாம் ஒரு வாரம் படுத்துக் கிடப்பதற்கு இந்தத் தாமதமும் காரணம். தொற்று அடங்கியதும் பெருகியவற்றில் பெரும்பகுதி மடிந்துபோகும். மிஞ்சுபவை நினைவு டி செல்கள். அடுத்த முறை அதே துணுக்கைக் கண்டால் இவற்றுக்கு ஒரு வாரம் வேண்டியதில்லை. இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 2003இல் சார்ஸ் நோய் கண்டு பிழைத்தவர்களைச் சிங்கப்பூரில் 2020இல் சோதித்தார்கள். 17 ஆண்டுகள் கடந்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் அவர்களுடைய ரத்தத்தில் இருந்தன.

டெங்குவில் இன்னொரு சிறப்புப் பிரிவும் தென்பட்டது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் டெங்கு நோயாளிகளின் தோலில் சிறு கொப்புளம் எழுப்பி, அதில் ஊறிய நீரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். டெங்குவை அறிந்த டி செல்கள் ரத்தத்தில் இருந்ததைவிட அந்த நீரில் பல மடங்கு செறிவாக இருந்தன. கொசு ஊசி போடும் இடம் தோல். வைரஸ் முதலில் பெருகும் இடமும் தோல். டி செல்கள் அந்த வாசலைத் தேடிச் செல்கின்றன.

குற்றவாளியா, காவலா?

இத்தனை சொன்ன பிறகும், டெங்குவில் டி செல்கள்மீது நெடுநாள் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு தணியும் வேளையில், சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்குகிறது, ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் விழுகிறது. அந்த நேரத்தில் ரத்தத்திலுள்ள வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். வைரஸ் குறையும்போது நோய் முற்றுகிறது என்றால், கெடுப்பது உடலின் எதிர்வினையாகத்தானே இருக்க வேண்டும்?

2003இல் தாய்லாந்துக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்று இந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது. இரண்டாம் முறை டெங்கு வந்த குழந்தைகளின் டி செல்கள் முன்பு வந்த வகையின் துணுக்கை இறுகப் பற்றின. இப்போது வந்திருக்கும் வகையைத் தளர்வாகத்தான் பற்றின. பழைய பாடத்தையே ஒப்பிக்கும் இந்த டி செல்கள் வைரஸையும் சரியாக ஒழிக்காமல், அழற்சி ரசாயனங்களையும் கொட்டி ரத்தக் குழாயைக் கெடுக்கின்றன என்று பலரும் கருதினார்கள்.

மறுசான்றுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2009இல் அமெரிக்காவின் லா ஹோயாவில் சுண்டெலிகளிடமிருந்து சி.டி.8 செல்களை அகற்றிவிட்டு டெங்குவைச் செலுத்தினார்கள். அவற்றின் உடலில் வைரஸ் கூடியது. டி செல்தான் குற்றவாளி என்றால் அதை நீக்கியதும் நிலைமை தேறியிருக்க வேண்டும். 2010இல் வியட்நாம் குழந்தைகளிடம் நாள்வாரியாக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ரத்தக் குழாய் கசிவு முதலில் தொடங்கியது, டெங்குவுக்குரிய சி.டி.8 செல்கள் அதன் பிறகே ரத்தத்தில் தென்பட்டன. பின்னால் வந்தவரை முன்னால் நடந்த திருட்டுக்குப் பிடிக்க முடியாது.

மிகப் பெரிய சான்று நமக்குப் பக்கத்திலிருந்து, கடலுக்கு அந்தப்புறம் கொழும்பிலிருந்து வந்தது. இலங்கையில் டெங்குவின் நான்கு வகைகளும் ஆண்டு முழுதும் உலவுகின்றன. வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அறிந்தோ அறியாமலோ டெங்குவைக் கண்டவர்கள். கொழும்பு தேசிய ரத்த மையத்துக்கு ரத்தம் கொடுக்க வந்த பொதுமக்களின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, கொழும்பு ஆய்வாளர் அருண தர்ஷன் டி சில்வாவும் லா ஹோயாவின் டேனியலா வைஸ்கோஃப், அலெஸ்ஸாண்ட்ரோ செட்டே ஆகியோரும் ஆராய்ந்தார்கள். முறை எளிமையானது. சிறு குழிகள் கொண்ட தட்டில் வெள்ளையணுக்களை இட்டு, டெங்கு புரதத் துணுக்கு ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்தத் துணுக்கை அறிந்த டி செல் இருந்தால் காமா இன்டர்ஃபெரான் என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கும். சுரந்த இடத்தில் ஒரு நிறப்புள்ளி விழும். ஒரு புள்ளி, ஒரு டி செல். புள்ளிகளை எண்ணினால் போதும்.

நானூறுக்கும் மேற்பட்ட துணுக்குகளை இப்படிச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது. டி செல்கள் முதலில் வந்த வகையின் பக்கம் சாய்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாய்வால் அவற்றின் அளவோ தரமோ குறையவில்லை. இன்னொரு முடிவு அதைவிட முக்கியமானது. எச்.எல்.ஏ. கூடை ஆளுக்கு ஆள் மாறும். தாயிடமிருந்து மூன்று, தந்தையிடமிருந்து மூன்று என்று முதன்மைக் கூடைகளில் ஆறு வகை வரை ஒருவருக்கு இருக்கலாம். சில கூடையில் ஒரு வகை மிச்சம் நன்றாகத் தங்கும், சிலவற்றில் நழுவிவிடும். கடும் டெங்கு குறைவாக வரும் மக்களிடம் காணப்படும் எச்.எல்.ஏ. வகைகள் எவையோ, அவற்றை உடையவர்களிடம்தான் டி செல் எதிர்வினை வலுவாகவும் பல வேலை செய்வதாகவும் இருந்தது. டி செல் கெடுக்கும் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அதே குழு 2015இல் இன்னொரு வியப்பைச் சொன்னது. கொழும்பில் சேகரித்த ரத்தத்தில் சி.டி.4 செல்களில் ஒரு பிரிவு, உதவி செய்வதோடு நிற்காமல் தாமே கொல்லும் ஆற்றலைப் பெற்றிருந்தது. பலமுறை டெங்குவைச் சந்தித்தவர்களிடம் இந்தப் பிரிவு கூடுதலாக இருந்தது. கடும் நோயிலிருந்து காப்பதாகக் கருதப்படும் எச்.எல்.ஏ. வகை ஒன்றைக் கொண்டவர்களிடம் அது இன்னும் மிகுதியாக இருந்தது.

டெல்லியிலுள்ள ஐ.சி.ஜி.இ.பி. ஆய்வகத்தில் அன்மோல் சந்தேலே, முரளி கிருஷ்ணா காஜா ஆகியோரின் குழு இந்திய நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. காய்ச்சல் நாட்களில் கொல்லும் டி செல்கள் பெருமளவில் கிளர்ந்து எழுந்திருந்தன. செல்லை அழிக்கும் கருவிகள் அவற்றிடம் தயாராக இருந்தன. ஆனால் சோதனைத் தட்டில் தூண்டியபோது காமா இன்டர்ஃபெரானைச் சுரந்தவை மிகச் சிறு பகுதிதான். அழற்சி அளவு மீறாதபடி உடல் தன் டி செல்களுக்குக் கடிவாளம் போடுகிறது என்று இதை விளக்குகிறார்கள்.

வழக்கு முற்றிலும் முடிந்துவிடவில்லை. என்றாலும் இன்று சான்றுகளின் எடை, டி செல்கள் டெங்குவில் பெரும்பாலும் காக்கின்றன என்ற பக்கமே சாய்கிறது. ரத்தக் குழாய்க் கசிவுக்குப் பல கைகள் காரணம்: அரைகுறை ஆன்டிபாடியால் தொடக்கத்திலேயே அளவு மீறிப் பெருகிய வைரஸ், அது ரத்தத்தில் கொட்டும் என்.எஸ்.1 என்ற புரதம், அதைத் தொடர்ந்து உடல் முழுதும் சுரக்கும் அழற்சி ரசாயனங்கள். என்.எஸ்.1 புரதமே ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்தும் என்று 2015இல் வந்த ஆய்வுகள் காட்டின. நாம் ரத்தப் பரிசோதனையில் தேடும் அதே என்.எஸ்.1தான் இது. வைரஸ் குறைந்து சூடு இறங்கும்போதும் இந்த விளைவுகள் ஓய்ந்திருக்காது. ஆஸ்பத்திரி வராந்தாக் கேள்விக்கு இதுதான் விடை: காய்ச்சல் விட்ட அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் மருத்துவரின் கண்பார்வையில் இருக்க வேண்டிய நேரம்.

தடுப்பூசிக்கு இதில் என்ன பாடம்?

டெங்கு வைரஸ் பத்துப் புரதங்களை உருவாக்குகிறது. மூன்று, வைரஸின் உடலைக் கட்டுபவை. ஆன்டிபாடி முக்கியமாகக் குறிவைப்பது இவற்றில் மேலுறைப் புரதத்தை. ஏழு, செல்லுக்குள் வைரஸ் பெருகுவதற்கான பணிப் புரதங்கள். கொல்லும் டி செல்கள் அறியும் துணுக்குகளில் பெரும்பகுதி இந்தப் பணிப் புரதங்களிலிருந்து வருபவை, குறிப்பாக என்.எஸ்.3, என்.எஸ்.5. இவை நான்கு வகை டெங்குவிலும் பெருமளவு ஒத்திருக்கும். அதனால் ஒரு வகையைக் கண்டு பயின்ற டி செல் மற்ற வகைகளையும் ஓரளவு அறியும். மேலுறையை மாற்றிக்கொண்டு ஆன்டிபாடியை ஏய்க்கலாம். அடுப்படியில் விழும் மிச்சத்தை மாற்றுவது வைரஸுக்கு அத்தனை எளிதன்று.

2015இல் உலகில் முதலில் அனுமதி பெற்ற டெங்வாக்சியா என்ற தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின்மீது டெங்குவின் மேலுறைப் புரதங்களை மட்டும் பொருத்திச் செய்யப்பட்டது. அதில் இருந்த பணிப் புரதங்கள் மஞ்சள் காய்ச்சல் வைரஸுடையவை. 2016இல் பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் போடத் தொடங்கினார்கள். அதற்கு முன் டெங்கு வராத குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி, பின்னால் வரும் டெங்குவைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் அதன் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. அரைகுறை ஆன்டிபாடியே இதற்கு முதற்காரணம் என்று கருதப்படுகிறது. டெங்குவின் பணிப் புரதங்களை அறியும் டி செல்களை அது பயிற்றவில்லை என்பதையும் பல ஆய்வாளர்கள் குறையாகச் சுட்டினார்கள்.

இந்தக் குறை எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பொருந்தாது. இந்தியாவில் 'டெங்கிஆல்' என்ற ஒற்றைத் தவணைத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) பனேசியா பயோடெக் நிறுவனமும் 2024 ஆகஸ்டில் தொடங்கின. 19 மையங்களில் 10,335க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடத்தத் திட்டமிட்ட சோதனை இது. இந்தத் தடுப்பூசி, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் உருவாக்கிய, வலுக்குறைத்த டெங்கு வைரஸ்களைக் கொண்டது. டெங்குவின் சொந்தப் பணிப் புரதங்கள் இதில் உள்ளன. எனவே ஆன்டிபாடியோடு டி செல்லையும் பயிற்றும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது. முடிவைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தடுப்பூசி வரும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில. தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸின் முட்டை உலர்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். முன்பு டெங்கு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சூடு தணிந்த பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தள்ளாட்டம், நிலைகொள்ளாமை இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அரசும் அறிவியல் நிறுவனங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எச்.எல்.ஏ. வகைகள் மக்களுக்கு மக்கள் மாறுபவை. கொழும்பின் முடிவு நமக்கு வழிகாட்டும்; நம் ரத்தத்தைப் பற்றிய முழு விடையை அது தந்துவிடாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள்ளேயே ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்குகிறது; டெங்குவைப் பரப்பும் திறன் குறைந்த, வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். ஜிப்மரும், அதன் காரைக்கால் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கொசுவை அறிந்தவர்களும் நோயாளியை அறிந்தவர்களும் ஒரே ஆட்சிப் பகுதியில் இருக்கிறார்கள். ரத்ததானம் செய்ய வரும் காரைக்கால் மக்களிடம் ஒப்புதல் பெற்று, கொழும்பில் செய்தது போன்ற ஓர் ஆய்வை இங்கே நடத்த இதைவிட வாய்ப்பான இடம் குறைவு. நம் கடற்கரை மக்களின் டி செல்கள் டெங்குவின் எந்தத் துணுக்குகளை அறிந்திருக்கின்றன, எவற்றை அறியவில்லை என்ற பட்டியல் கையில் இருந்தால், நாளை வரும் தடுப்பூசி நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஊசி போடுவதற்கு முன்பே மதிப்பிடலாம். அந்த ஆய்வைப் புதுச்சேரி அரசும் ஐ.சி.எம்.ஆரும் தொடங்க வேண்டும். தடுப்பூசியைப் பற்றிக் கேள்வி கேட்கும் வாசகர்களும் "ஆன்டிபாடி எவ்வளவு ஏறியது?" என்பதோடு நிற்காமல், "டி செல்கள் என்ன கற்றுக்கொண்டன?" என்றும் கேட்கத் தொடங்க வேண்டும்.